எந்த வேஷத்தில் உள்ளே விடுவீர்கள்?

42 நிமிடம் கை தட்டினார்களாம். 1961 ஜனவரி 27, நியூயார்க், மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கம், வெர்தியின் 'இல் த்ரொவத்தோரே'. திரை விழுந்தும் சனம் எழுந்து போகவில்லை. மிஸிஸிப்பி மாநிலத்து மர அறுப்பு மில் தொழிலாளியின் மகள், லியொன்டின் ப்ரைஸ் என்கிற 33 வயதுக் கறுப்புப் பெண், அன்றுதான் அந்த மேடையில் முதல் முதலாகப் பாடினார்.

பேங்கில் மதியச் சாப்பாட்டு மேசையில் இந்தக் கதையைச் சொன்னவர் என் மேலதிகாரி. மார்கழி பிறந்தால் லீவு போட்டுவிட்டுச் சபா சபாவாகச் சுற்றுகிறவர். செல்போனில் அந்தம்மா பாடுவதைப் போட்டும் காட்டினார். நல்ல மனுஷர்தான், குறை சொல்ல முடியாது. பாட்டு முடிந்ததும் டிபன்பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்: "பாத்தீங்களா சார், கோட்டா கிடையாது, சலுகை கிடையாது. வெறும் திறமை. திறமை இருந்தா கதவு தானா தெறக்கும்."

மேசையில் ஐந்து பேர். மூன்று தலைகள் ஆடின. நான் மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். உடனே பதில் வரவில்லை எனக்கு, எப்போதுமே வராது. அந்தத் 'தானா' என்ற சொல் மட்டும் சாயங்காலம் வரை தொண்டையில் நின்றது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கதவைப் பார்ப்போம். மெட்ரோபாலிடன் ஓபரா 1883-இல் திறக்கப்பட்டது. ஒரு கறுப்பர் அங்கே தனிப் பாத்திரமேற்றுப் பாடியது 1955 ஜனவரி 7-இல். 72 வருஷம். வட்டிக் கணக்குப் போட்டுப் பிழைக்கிறவன் நான், இந்தக் கழித்தலில் தப்பு வராது. 72 வருஷமாக அந்த நாட்டில் கறுப்புத் தொண்டையில் திறமையே ஊறவில்லையா? சிசரெட்டா ஜோன்ஸ் என்று ஒருத்தி இருந்தாள். 1890-களில் அமெரிக்க ஜனாதிபதிகள் வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுக் கேட்ட குரல். அவளுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் 'பிளாக் பட்டி'. அடெலினா பட்டி என்ற வெள்ளைக்காரப் பாடகியின் கறுப்பு நகலாம்! சொந்தப் பெயர்கூட மிஞ்சவில்லை. ஓபரா மேடை எதிலும் முழுப் பாத்திரம் தரப்படாமல், வேடிக்கை வித்தைகளோடு சுற்றுகிற ஒரு நாடகக் குழுவில் ஓபராத் துண்டுகளைப் பாடிக் காலம் தள்ளி, 1933-இல் வறுமையில் செத்தாள். இவளிடம் என்ன சார் குறைந்தது? ஸ்ருதியா?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஓபராவுக்குத் 'திறமை' என்பது தோட்டத்தில் தானாக முளைக்கிற செடி இல்லை. மைக் கிடையாது. வாத்தியக்காரர்கள் அறுபது எழுபது பேர் வாசிக்கிறதைத் தாண்டி, பல ஆயிரம் பேர் இருக்கிற மண்டபத்தின் கடைசி வரிசைக்கு வெறும் உடம்பால் குரலைக் கொண்டுபோக வேண்டும். சொப்ரானோ என்றால் பெண்குரலில் ஆக மேல்தட்டு, அங்கே ஒளிய இடமில்லை. இத்தாலியன், ஜெர்மன், பிரெஞ்சு எல்லாம் வாயில் புரள வேண்டும். பல வருஷம் குருவும் பியானோவும் பயிற்சியும் வேண்டும். அந்த வருஷங்களில் சோறு யார் போடுவது? திறமை பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. அவர்கள் வீட்டில் அந்தச் சோறு ஏற்கெனவே வெந்திருக்கிறது.

ப்ரைஸ் 1927 பிப்ரவரி 10-இல் லாரல் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ் மில்லில். அம்மா கேட், மருத்துவச்சி. தேவாலயத்தில் பாடுகிறவள். பிள்ளைக்கு ஐந்து வயதானபோது வீட்டிலிருந்த கிராமபோனை அட்வான்ஸாகக் கொடுத்து ஒரு பியானோ வாங்கினாள் அந்தத் தாய். மீதியைத் தவணையில் அடைத்தாள். லோன் கவுண்டரில் உட்காருகிறவனுக்குத் தெரியும், தவணை என்றால் என்ன என்று. எத்தனை பிரசவத்துக்கு எழுந்து நடு ராத்திரியில் நடந்திருப்பாள் ஒரு பியானோவுக்கு? ஒன்பது வயதில் ஜாக்சன் நகரத்துக்கு மகளைக் கூட்டிப்போய் மரியன் ஆண்டர்சனின் கச்சேரியைக் காட்டியதும் அவள்தான்.

இந்தக் கதையைப் பத்திரிகைகள் வேறு மாதிரி எழுதின. லாரலின் பணக்கார வெள்ளைக் குடும்பமான சிஸம் வீட்டார் இந்தப் பெண்ணை ஆதரித்தார்கள், தங்கள் வீட்டு விருந்துகளில் பாட வைத்தார்கள், நியூயார்க்கில் ஜூலியர்ட் இசைப்பள்ளிக்குப் போனபோது செலவுக்குப் பணம் தந்தார்கள். அது நடந்தது, மறுக்கவில்லை. ப்ரைஸே நன்றியோடு சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த வீட்டுக்குள் பிள்ளை எப்படிப் போனாள்? அவளுடைய அத்தை அங்கே துணி வெளுக்கிறவள். துணி வெளுத்த கையைத் தாண்டித்தான் பியானோ. கதையில் சிஸம் அம்மையார் தேவதை, அத்தை வெறும் ஓரம்! தர்மம் செய்த கைக்குத்தான் எப்போதும் போட்டோ.

போட்டோவிலிருந்து வெட்டப்பட்ட இன்னொருத்தர் பால் ராப்சன். ஒஹையோவில் கறுப்பர்களுக்கான வில்பர்ஃபோர்ஸ் கல்லூரியில் ப்ரைஸ் படித்தது டீச்சராவதற்காக. கறுப்புப் பெண்ணுக்கு இசையில் சம்பளம் வரக்கூடிய வழி அது ஒன்றுதான். 1948-இல் அவரை ஜூலியர்டுக்கு அனுப்ப நிதி திரட்டியபோது ராப்சன் வந்து கச்சேரி செய்து கொடுத்தார். அப்போதே உலகப் புகழ் பெற்றவர், கம்யூனிஸ்ட் என்று வேட்டையாடப்பட்டுக்கொண்டும் இருந்தவர். அவர் வர வேண்டிய அவசியமே இல்லை, வந்தார். இதற்குப் பெயர் சலுகையா, திறமையா? இயக்கம் சார், இயக்கம்!

பெண் நியூயார்க்கில் படித்துக்கொண்டிருந்தபோது சொந்த ஊரில் என்ன நடந்தது? 1951 மே 8. வில்லி மகீ என்ற கறுப்பு மனிதரை, வெள்ளைப் பெண்ணைக் கெடுத்தான் என்ற வழக்கில், லாரல் நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே வைத்துக் கொன்றார்கள். ஊர் ஊராகக் கொண்டுபோகிற மின்சார நாற்காலி ஒன்று மிஸிஸிப்பி அரசிடம் இருந்தது. அதைக் கொண்டுவந்து போட்டார்கள். முதல் விசாரணையில் ஜூரிக்கு முடிவெடுக்க மூன்று நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. சாவை உள்ளூர் ரேடியோ நேரடியாக ஒலிபரப்பியது, வெளியே கூட்டம் கூடி நின்றது. ப்ரைஸின் குரலுக்கு முன்னால் லாரலிலிருந்து காற்றில் போன ஒலி இது. மகீயைக் காப்பாற்றக் குரல் கொடுத்தவர்களில் ராப்சனும் உண்டு.

அடுத்த வருஷம், 1952, 'போர்கி அண்ட் பெஸ்'. பெஸ் பாத்திரத்தில் ப்ரைஸ். அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆதரவோடு வியன்னாவுக்கும் பெர்லினுக்கும் அனுப்பப்பட்டது அந்தக் குழு. பாருங்கள், எங்கள் கறுப்பர்கள் எவ்வளவு அழகாகப் பாடுகிறார்கள், யார் சொன்னது எங்கள் நாட்டில் நிறவெறி என்று? சோவியத்துக்குப் பதில் சொல்ல ஒரு குரல் தேவைப்பட்டது. அதே வெளியுறவுத் துறைதான் 1950-இல் ராப்சனின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு 1958 வரை தரவில்லை. நிதிக்காகப் பாடியவர் வீட்டுச் சிறையில் இருக்கிற மாதிரி இருக்க, அந்த நிதியில் படித்தவள் கப்பலேறினாள். ஒரே கைதான் இரண்டையும் செய்தது. ப்ரைஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை, அந்தக் கையைக் காட்டத்தான் சொல்கிறேன்.

இப்போது வேஷத்துக்கு வருகிறேன். என் கோபம் அங்கேதான்.

1955 ஜனவரியில் மெட் மேடையில் ஏற்றப்பட்ட முதல் கறுப்புக் குரல் மரியன் ஆண்டர்சன். 1939-இல் 'வெள்ளைக் கலைஞர்கள் மட்டும்' என்று வாஷிங்டனில் மண்டபம் மறுக்கப்பட்டு, லிங்கன் நினைவிடத்துப் படிக்கட்டில் 75,000 பேருக்கு முன்னால் பாடிய அதே ஆண்டர்சன். என்ன பாத்திரம் கொடுத்தார்கள்? உல்ரிகா. குறிசொல்கிற சூனியக்காரி. அதே மாதம் 27-ஆம் தேதி முதல் கறுப்பு ஆண், ராபர்ட் மெக்ஃபெரின். என்ன பாத்திரம்? அமோனஸ்ரோ. சிறைபிடிக்கப்பட்ட எத்தியோப்பிய ராஜா. பெஸ் யார்? போதைக்கும் முரடனுக்கும் அடிமைப்பட்ட சேரிப் பெண், வெள்ளைக்காரர்கள் எழுதிய சேரி. கதவு திறக்கிறது, சரி. வாசலிலேயே ஒருத்தன் வேஷத்தோடு நிற்கிறான். சூனியக்காரி, கைதி, விழுந்தவள். போட்டுக்கொண்டு வா.

இதற்கு மாறாக நடக்கவே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். 1956-இல் மாட்டிவில்டா டாப்ஸ் அதே மேடையில் 'ரிகொலெத்தோ'வின் கில்டாவாகப் பாடினார். தோல் நிறத்துக்குச் சம்பந்தமில்லாத நாயகி வேஷம். நிறப் பிரிவினையுள்ள அரங்கில் பாடமாட்டேன் என்று நின்றவரும் அவர்தான். ஆனால் ஒரு கில்டாவால் வாசலில் நின்றவன் நகர்ந்துவிடவில்லை. டெலிவிஷனைப் பாருங்கள். 1955 தொடக்கத்தில் என்.பி.சி.யில் ப்ரைஸ் 'தோஸ்கா' பாடினார். தோஸ்கா ரோம் நகரத்துப் பாடகி, வெள்ளைக் காதலனைத் தொட்டு அணைக்கிறவள். தெற்கு மாநிலங்களின் பல நிலையங்கள் அதை ஒளிபரப்ப மறுத்தன. சேரிப் பெண்ணாகப் பாடினால் உலகம் முழுக்க அனுப்புவான், காதலியாகப் பாடினால் வீட்டுப் பெட்டியை அணைப்பான்.

1958. ப்ரைஸுக்கு மெட் நிர்வாகி ருடால்ஃப் பிங் அழைப்பு விடுக்கிறார். என்ன பாத்திரம்? வேறென்ன, 'அயிடா'. எகிப்தில் அடிமையாக வேலை செய்கிற எத்தியோப்பிய இளவரசி. 31 வயது. கனவு கண்ட மேடை. ஒரு ராத்திரியில் வாழ்க்கை மாறிவிடும். நானாக இருந்தால் ஓடியிருப்பேன், உண்மையைச் சொல்கிறேன்.

அவர் மாட்டேன் என்றார்.

அயிடா பாடத் தெரியாமல் இல்லை. முந்தின வருஷம் சான் பிரான்சிஸ்கோவில் பாடியாகிவிட்டது. அந்த வருஷமே வியன்னாவில் பாடினார். அங்கே கூப்பிட்டவர் கரயன், நாஜிக் கட்சியில் உறுப்பினராக இருந்தவர்! வரலாற்றுக்கு இந்த மாதிரிக் கிண்டல் அடிக்கடி வருகிறது. அயிடா அவருடைய ரத்தத்தில் ஊறிய பாத்திரம், தன் தோலே அதற்கு உடை என்ற பொருளில் பின்னால் சொன்னவர். பாத்திரத்தை அவர் மறுக்கவில்லை. அந்த வீட்டுக்குள் முதல் அடி எடுத்து வைப்பது அடிமையாக இருக்கக் கூடாது என்பதுதான் விஷயம். நெருங்கியவர்களும் அதையே சொன்னார்கள். மூன்று வருஷம் காத்திருந்தார். 1961-இல் நுழைந்தபோது அவர் லியொனோரா. அரகான் அரண்மனைப் பெண், சீமாட்டி. அதே சீசனிலேயே அயிடாவும் பாடினார், கூடவே டோனா அன்னா, பட்டர்ஃபிளை, லியூ, மொத்தம் ஐந்து நாயகிகள். பூரா வீட்டுக்கும் சாவி வாங்கிக்கொண்ட பிறகு அடிமை வேஷம் போட்டால் அது நடிப்பு. வாசலில் நிற்கும்போதே போடச் சொன்னால் அது அடையாள அட்டை.

அவர் மறுத்த 1958-இல் குளோரியா டேவி என்ற கறுப்புப் பாடகி மெட்டில் அயிடா பாடினார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பசிக்கிறவள் வந்த சோற்றைத் தின்பாள். எல்லோரும் மறுக்க முடியாது. மறுக்க முடிந்தவள் மறுத்தாள் என்பதைப் பதிவு செய்கிறேன், அவ்வளவுதான்.

ஆக, சார், கதவு 'தானா' திறக்கவில்லை. மருத்துவச்சியும் சலவைக்காரியும் ராப்சனும் தள்ளினார்கள். ஆண்டர்சன் 57 வயதில் தள்ளினார், குரலின் உச்சம் கழிந்த பிறகு. திறந்த கதவிலும் இந்த அம்மா வேஷத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூன்று வருஷம் வெளியில் நின்றார். உள்ளே இருந்தவர்கள் செய்தது கடைசியில் கை தட்டியது மட்டும்தான்.

இனி நம்ம ஆட்களிடம் ஒரு சண்டை. இந்தக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் ஒரு தோழர் முகத்தைச் சுளித்தார். "ஓபரா ராஜாக்களும் முதலாளிகளும் வைர மாலை போட்டுக்கிட்டு ரசிச்ச கலை தோழர். கறுப்பர் கலைன்னா புளூஸ், ஜாஸ். அதப் பத்தி எழுதுங்க." எனக்குச் சுருக்கென்றது. புளூஸ் மகத்தானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் "புளூஸ் உன்னுது, ஓபரா உன்னுது இல்ல" என்று 72 வருஷம் சொன்னது யார்? அதே மெட். நம் வாயிலிருந்து வந்தால் அது புரட்சியாகிவிடுமா? எதைப் பாடுவது என்பதை அவள் தொண்டை தீர்மானிக்கட்டும் தோழர், நாம் யார் வேலி போட? அந்த மேடையை எடுத்துக்கொண்டதற்காகத் தேவாலயத்தை அவர் விட்டுவிடவும் இல்லை. தனிக் கச்சேரிகளில் அடிமைகள் பாடிய ஸ்பிரிச்சுவல் பாட்டுகளை வெர்தியோடு அதே மேடையில் வைத்தார். மார்கரெட் பாண்ட்ஸ் என்ற கறுப்புப் பெண் இசையமைப்பாளரிடம் கேட்டு அந்தப் பாட்டுகளுக்கு இசையமைப்பு வாங்கினார்.

அதற்காக ப்ரைஸைப் போராளியாக்கிச் சிலை வைக்கவும் எனக்கு மனசில்லை. 1964 செப்டம்பரில் ஜனாதிபதி ஜான்சன் அவருக்கு நாட்டின் உயர்ந்த சிவிலியன் பதக்கம் கொடுத்தார். வாங்கிக்கொண்டார். அதற்கு முந்தின மாதம், ஆகஸ்ட் 4-இல், ஓட்டுரிமைக்காக வேலை செய்த மூன்று இளைஞர்களின் பிணங்களை மிஸிஸிப்பியில் மண்ணுக்கடியிலிருந்து தோண்டி எடுத்தார்கள். அதே ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில், மிஸிஸிப்பியின் இன்னொரு மகள் ஃபேனி லூ ஹேமர் எழுந்து, ஓட்டுப் பதியப் போனதற்காகத் தோட்டத்தை விட்டு விரட்டப்பட்டதையும் ஜெயிலில் அடிபட்டதையும் சொன்னார். டெலிவிஷன் காட்டிக்கொண்டிருந்தபோதே ஜான்சன் அவசரப் பேட்டி என்று கூட்டி, காமிராக்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பருத்தி பறித்தவளின் குரலுக்கு மறிப்பு, சொப்ரானோ குரலுக்குப் பதக்கம், ஒரே ஆள், இரண்டு மாதத்துக்குள். ஹேமரின் அணிக்கு இரண்டே இரண்டு இடம் தருகிறோம் என்றார்கள். அவர்கள் வேண்டாம் என்றார்கள். 1958-இல் ப்ரைஸ் சொன்ன 'மாட்டேன்' இங்கே அவர் வாயிலிருந்து வரவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு. இரண்டு 'மாட்டேன்'களையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா என்றும் தோன்றுகிறது. தீர்த்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

1966 செப்டம்பர் 16-இல் மெட்டின் புதுக் கட்டடம் திறந்தபோது சாமுவேல் பார்பர் அவருக்கென்றே எழுதிய ஓபராவில் கிளியோபாட்ராவாகப் பாடினார். பட்டத்து ராணி வேஷம். ஒத்திகையில் பிரமிடு செட்டுக்குள் கதவு திறக்காமல் மாட்டிக்கொண்டாராம்! அதே வருஷம் ஜனவரியில், ஹாட்டிஸ்பர்க்கில் கறுப்பர்கள் ஓட்டு வரியைத் தன் கடையில் கட்டலாம் என்று அறிவித்த வெர்னன் டேமரின் வீட்டுக்கு நெருப்பு வைத்துக் கொன்றார்கள். ஏவிய கிளான் தலைவன் சாம் பவர்ஸ் லாரலில் தொழில் நடத்திக்கொண்டு உலாவினவன். ப்ரைஸின் ஊர்க்காரன். அந்தக் கொலைக்கு அவனுக்குத் தண்டனை கிடைத்தது 1998-இல்.

அதெல்லாம் பழைய கதை என்பார்கள். மெட்டில் வெள்ளைப் பாடகர் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு 'ஒத்தெல்லோ' பாடுவது நின்றது 2015-இல்! கறுப்பு இசையமைப்பாளர் ஒருவரின் ஓபரா, டெரன்ஸ் பிளான்சர்ட் எழுதியது, முதல் முதலாக அங்கே ஏறியது 2021 செப்டம்பரில். 1883-இலிருந்து 138 வருஷம். இத்தாலியில் வெரோனா அரங்கில் 2022-இல் அயிடாவுக்கு முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு வந்தார்கள். அதைக் கண்டித்து ஏஞ்சல் புளூ என்ற கறுப்பு சொப்ரானோ அதே அரங்கில் தான் பாட இருந்த 'லா த்ராவியாத்தா'விலிருந்து விலகினார். வேஷத்தைத் திருப்பிக் கொடுக்கிற வேலை இன்னும் முடியவில்லை.

ப்ரைஸ் மெட் மேடையை விட்டு இறங்கியது 1985 ஜனவரி 3-இல். கடைசிப் பாத்திரமாகப் பாடியது அயிடா. நுழையும்போது மறுத்ததை, போகும்போது தானே எடுத்துக்கொண்டார். தாய்நாட்டை நினைத்து அடிமைப் பெண் பாடுகிற 'ஓ பாத்ரியா மியா' முடிந்ததும் கைதட்டல் அடங்கவே இல்லை. அசையாமல் நிற்கிறார், கண் கலங்குகிறது, வேஷம் கலையாமல் காக்கப் பார்க்கிறார். டெலிவிஷனில் வந்த அந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்துவிட்டேன். கவிதை எழுதுகிறவன் என்று சொல்லிக்கொள்கிறேன், அந்த முகத்துக்கு எனக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை.

அன்றைக்கு ப்ரைஸுக்கு வயது 57.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் மேலதிகாரியிடம் அதைத்தான் சொன்னேன். "சார், ஆண்டர்சன் அந்த மேடையில முதல்தடவ ஏறினப்ப வயசு 57. ப்ரைஸ் பாடி முடிச்சு இறங்கினப்ப வயசு 57. ரெண்டு பேருக்கும் திறமை இருந்துச்சு." அவர் கொஞ்ச நேரம் தயிர்ச்சாதத்தைக் கிளறினார். "நீங்க எதுலயும் இதக் கொண்டாந்து சேத்துடுறீங்க சார்" என்றார். பிறகு, மூன்று மணிக்குள் கிளியரிங் முடிக்க வேண்டும் என்று எழுந்து போனார்.